பெஞ்சின் இடது பாதி

எங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் எந்தப் பொருளிலும் பேட்டரி இருக்கக் கூடாது. டார்ச், ரேடியோ, பின்னாளில் டி.வி. ரிமோட், எதுவானாலும் நாலு நாள் தொடவில்லையென்றால் பேட்டரியைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட வேண்டும். நைனா, அதாவது எங்கள் அப்பா, சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். அவருடைய நல்ல டார்ச் ஒன்று பேட்டரி கசிந்து பாழாய்ப்போன நாளிலிருந்து இது எங்கள் வீட்டுச் சட்டம். அக்கா கல்யாணமாகித் திருப்பதிக்குப் போனபோது சீர்ப் பாத்திரங்களோடு இந்தப் பழக்கத்தையும் கொண்டுபோனாள். நான் கல்யாணமே வேண்டாமென்று அதே வீட்டில் இருந்து, கணக்கு டீச்சராக ரிட்டயராகி, அதே பழக்கத்தோடு தலை நரைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தப்பு இந்த நல்ல பழக்கத்தால்தான் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஆர்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா தன் ஊருக்குத் திரும்பும்போது, பங்களாவில் வைத்திருந்த எலக்ட்ரானிக் ஆர்கனை நைனாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நாலு ஆள் தூக்கிவந்து நடுவீட்டில் இறக்கினார்கள். அன்று நின்ற இடத்திலேயேதான் இன்றும் நிற்கிறது. பீரோவையும் மேஜையையும் சேர்த்து அடித்துச் செய்ததுபோல் இருக்கும். கைக்கு இரண்டு வரிசைக் கட்டைகள், மாடிப்படி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. ஆனால் நேருக்கு நேர் இல்லை. மேல் வரிசை வலப்பக்கம் தள்ளியிருக்கும், கீழ் வரிசை இடப்பக்கம் தள்ளியிருக்கும். காலால் மிதிக்கப் பதின்மூன்று மரப்பெடல்கள், அவையும் இடப்பக்கம்தான். வலது பக்கம் தனியாக ஒரு பெரிய பெடல் உண்டு, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும்.

இதையெல்லாம் ஒரே ஆள் செய்ய வேண்டும். வலது கை மேல் வரிசையில் பாட்டை வாசிக்கும், இடது கை கீழ் வரிசையில் கூடவே போகும், இடது கால் அடிச்சுரத்தைப் போடும், வலது கால் சத்தத்தைப் பார்த்துக்கொள்ளும். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். எங்கள் வீட்டில்தான் அது யாருக்கும் தெரியவில்லை. பெஞ்சு நீளமாக இருந்தது. வரிசைகள் இரண்டு பக்கமாக ஒதுங்கியிருந்தன. இது இரண்டு பேர் உட்கார்ந்து வாசிக்கும் பெட்டி என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். எனக்கு அப்போது ஏழு வயது, பெடல் எட்டாது. அக்காவுக்குப் பதினொன்று, எட்டும். அதனால் அவள் இடது பாதியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கீழ் வரிசையையும் காலால் பெடலையும் எடுத்துக்கொண்டாள். நான் வலது பாதியில் உட்கார்ந்து பாட்டை வாசித்தேன். கால் எட்டிய பிறகு சத்தப் பெடலும் எனக்கு வந்தது. சண்டை போட்ட நாட்களில் அதை மேலே தூக்கிவிட்டு அவள் வாசிப்பதையும் சேர்த்து அமுக்கிவிடுவேன். அவ்வளவு நல்ல பிள்ளை நான்.

பிற்பாடு யாரோ வந்து பார்த்துச் சிரித்து, இது ஒருத்தர் வாசிக்கிறதும்மா என்று சொன்னார்கள். அதற்குள் எங்களுக்கு இருபது தாண்டிவிட்டது. மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. இன்றுவரை எனக்குப் பாதி ஆர்கன்தான் தெரியும்.

எனக்கு இன்னொரு கோளாறும் உண்டு. தாளத்தில் நிற்க மாட்டேன். முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு நாலு எண்ண வராது என்றால் நம்ப மாட்டீர்கள். நைனாவுக்குப் பிடித்த ஒரு பாட்டு உண்டு. அதில் மூன்றாம் வரியின் கடைசிச் சுரம் வந்தால் எனக்கு அதை விட மனசே வராது. இழுத்துக்கொண்டே இருப்பேன். அக்கா இடது பாதியில் கையையும் காலையும் அமுக்கியபடி, நான் நகரும்வரை அப்படியே காத்திருப்பாள். ஆர்கனில் விரல் இருக்கும்வரை சத்தம் குறையாமல் நிற்கும், அது பெரிய வசதி. பாட்டு முடிந்ததும் திட்டுவாள்.

"எவ்ளோ நேரம்டி பாப்பா மூச்சைப் புடிச்சிக்கினு இருக்கிறது? ஒரு நாளைக்கு உன்னை உட்டுட்டு நான் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பேன் பாரு."

ஒரு நாளும் போனதில்லை. ஐம்பது வயதுக்கு மேலும் எனக்குப் பெயர் பாப்பாதான்.

ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். நைனா ஆரம்பித்தது, அவர் போன பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. தெருவில் இருபது பேர் வருவார்கள், தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் மாறி மாறி நடக்கும். அதற்காக அக்கா திருப்பதியிலிருந்து பஸ் ஏறி வருவாள். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற மொட்டைத் தலைகளுக்கு நடுவே நெருக்கி உட்கார்ந்துகொண்டு, யாருடைய லட்டுப் பையையோ மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம். கூடவே சில மாதம் அவள் புருஷனும் வருவார். அவரை நான் பாவா என்பேன். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ரிட்டயரானவர். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்து பாடினால் சுருதி ஒரு தெருவிலும் அவர் இன்னொரு தெருவிலும் இருப்பார்கள். அக்கா பெஞ்சிலிருந்தே ஒரு பார்வை பார்ப்பாள், அவர் உதட்டை மட்டும் அசைப்பார்.

அக்காவுக்கு மூட்டுவலி வந்தது. இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாவது மாதமும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. வலி அவளுக்கு, கோபம் எனக்கு. அந்தக் கோபத்தோடு போய் ஒற்றை வரிசை சிந்தசைசர் ஒன்றை வாங்கிவந்தேன். கடைக்காரர்தான் அப்படிச் சொன்னார், எங்கள் தெருவுக்கு அது கீபோர்டு. பாயைச் சுருட்டிக் கொண்டுபோவதுபோல் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகலாம். கரண்ட் இல்லையா, ஆறு பேட்டரி போட்டால் ஓடும். ஆர்கனில் இருக்கிற குரல்கள் பத்தோ பன்னிரண்டோ. இதில் நூற்றுக்கணக்கில், புல்லாங்குழல் முதல் நாய் குரைப்பது வரை. சுருதி ஏற வேண்டுமா, ஒரு பட்டன். வாசித்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு திரும்ப வாசித்துக் காட்டும். ஆர்கனுக்கு எந்த ஞாபகமும் கிடையாது, விரலை எடுத்தால் அதோடு சரி. எல்லாவற்றுக்கும் மேல், இடது கையில் ஒரு விரலை வைத்தால் போதும், அடிச்சுரமும் கூட்டுச்சுரமும் டிரம்மும் தானாக வந்துவிடும். அக்காவின் இரண்டு கையும் ஒரு காலும் செய்த வேலையை அது என் ஒரு விரலுக்குள் கொண்டுவந்துவிட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வெட்கம் கெட்ட சந்தோஷம்.

அந்த மாதக் கூட்டத்துக்கு அக்கா சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டாள். பாகாலா பக்கத்தில் பஸ் கெட்டு நின்று, அவள் வாசலுக்கு வரும்போது பாட்டு ஆரம்பித்திருந்தது. நான் ஆர்கனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீபோர்டில் வாசித்துக்கொண்டிருந்தேன். டிரம் டம்டம் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று பாட்டு முடியும்வரை கேட்டாள்.

"எல்லாம் அதுவே போட்டுக்குதே, நல்லாதான் கீது" என்றாள். "இனிமே நான் மூட்டுவலியோட அலைய வேணாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்போது நான் எழுந்து, வா, வந்து உட்காரு என்று பெஞ்சைக் காட்டியிருக்க வேண்டும். நான் சொன்னது, "ஆமாங்கா, அதுவே பாத்துக்கும்."

அவள் உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சில் அவள் உட்காரவே இல்லை. அதுவே பாத்துக்கும். இந்த இரண்டு வார்த்தையைத் திரும்ப வாங்க முடியுமென்றால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அது பார்த்துக்கொள்ளவும் இல்லை. அடுத்த மாதம் நைனாவின் பாட்டை எடுத்தோம். மூன்றாம் வரியின் கடைசிச் சுரத்தில் நான் வழக்கம்போல் நின்றேன். டிரம் நிற்கவில்லை. கூட்டம் டிரம்மோடு போய்விட்டது. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் அடுத்த வரியும் பாதி முடிந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டிரம்மை அணைத்தால் ஒரு விரல் வித்தையும் நின்றுவிடுகிறது, அணைக்காவிட்டால் அது என்னை விட்டுவிட்டுப் போகிறது. இரண்டு மாதம் போராடிப் பார்த்துவிட்டு, சீ போ என்று பேட்டரியைக் கழற்றி, பெட்டியில் போட்டுத் திருப்பதிக்குக் கொண்டுபோனேன்.

"உன் பேரப்பசங்க வெளையாடட்டும், வெச்சிக்கோ."

"அப்ப நீ எதுல வாசிப்ப?"

"எனக்கு ஆர்கன் கீது."

"அதுல பாதிதானே உனக்குத் தெரியும்" என்று அக்கா சிரித்தாள். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அப்படியென்றால் வந்து மீதிப் பாதியை வாசி என்று நானும் கேட்கவில்லை, வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. தினமும் போனில் பேசினோம். கத்தரிக்காய், பிரஷர் மாத்திரை, யார் வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசினோம். இதை மட்டும் பேசவில்லை. எட்டு மாதத்தில் அவளுக்கு நெஞ்சுவலி வந்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து பல நாள் கழித்து ஆர்கன் சுவிட்சைப் போட்டேன். நான் எதையும் தொடவில்லை. இடப்பக்கத்திலிருந்து ஒரு அடிச்சுரம் தானாக 'ம்ம்ம்' என்று வந்தது. பேய் பிசாசு என்று பேசும் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினவள் நான். சுவிட்சை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்தேன். வேலூரிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்தார். ரொம்ப நாள் மிதிக்காமல் விட்டதால் ஒரு பெடலுக்கு அடியில் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது, ஐந்து நிமிட வேலை என்றார். சுத்தம் செய்ய வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அந்தச் சுரம் வரும்போது பெஞ்சின் வலது பாதியில் உட்கார்ந்திருப்பேன். இடப்பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டேன். பயந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் வந்திருப்பாளோ என்று பயம், வரவில்லையோ என்று அதைவிடப் பயம்.

அவளுடைய முதல் வருஷ நினைவுக்கூட்டம் திருப்பதியில். பாவா போன் செய்தார். "நைனா பாட்டை நீதான் வாசிக்கணும் பாப்பா, கீபோர்டு எடுத்து வெச்சிருக்கேன்." முதல் நாளே போனேன். திருச்சானூர் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி, வழியில் இறங்கினால் அவர்கள் வீடு. பாவா பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்தேன்.

மேஜைமேல் கீபோர்டு இருந்தது, அக்காவின் பழைய வாயல் புடவை ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார். தூக்கிப் பார்த்தேன், கனத்தது. பேட்டரி! ஒரு வருஷமாகப் பேட்டரியோடு கிடக்கிறது! அக்கா இருந்தால் விட்டிருப்பாளா? ஆம்பளை தனியாக இருக்கிற வீடு இப்படித்தான் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு அதைக் குப்புறக் கவிழ்த்தேன். மூடியைக் கழற்றித் தரையில் போட்டேன். ஆறு பேட்டரியையும் எடுத்துச் செய்தித்தாளில் வைத்து, ஸ்பிரிங்கையெல்லாம் துணியால் துடைத்தேன். அக்காவுக்கு ஏதோ ஒன்று செய்துவிட்ட மாதிரி மனசு நிறைந்திருந்தது.

பாவா பூப்பையோடு உள்ளே வந்தார். செய்தித்தாளைப் பார்த்தார். பை கையிலிருந்து நழுவியது.

"வயரு சொருவுனியா? கழட்றதுக்கு முன்னாடி கரண்ட் வயரைச் சொருவுனியா?"

"எதுக்கு? சும்மாதானே கெடக்குது. கசிஞ்சிடும்னு எடுத்தேன்."

"அய்யய்யோ" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அதுல அக்கா இருந்தாம்மா" என்றார்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது. கடைசி ஆறு மாதம் அக்கா தினமும் பகலில் அந்தக் கீபோர்டில் உட்கார்ந்திருக்கிறாள். டிரம்மை அணைத்துவிட்டு, ஆர்கன் குரலை வைத்து, நைனாவின் பாட்டுக்குத் தன் பகுதியை மட்டும் வாசித்து அதன் ஞாபகத்தில் ஏற்றியிருக்கிறாள். கால் செய்த வேலையையும் இடது கையிலேயே எடுத்துக்கொண்டு. பேட்டரியை மாற்ற வேண்டுமென்றால் முதலில் வயரைச் சொருகிவிட்டுத்தான் மாற்ற வேண்டும், இரண்டும் இல்லாமல் ஒரு நிமிஷம் இருந்தாலும் போய்விடும் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவர் இந்த ஒரு வருஷத்தில் இரண்டு தடவை அப்படியே மாற்றியிருக்கிறார். தரையில் கிடந்த மூடியைத் திருப்பினேன். உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பாவாவுக்காகத் தெலுங்கில், அக்காவின் சாய்ந்த எழுத்து: முதலில் வயர், பிறகு பேட்டரி.

"எங்கிட்ட ஏன் பாவா சொல்லல?"

"அவதான் சொல்ல வேணாம்னா. பாப்பா வந்து உக்காந்து வாசிக்க ஆரம்பிச்ச அப்புறம் இந்தப் பட்டனை அமுக்குங்க, முன்னாடியே சொன்னா கௌரவம் பாத்துக்கினு வராம பூடுவா, அவ குணம் எனக்குத் தெரியும்னா. அவளுக்கு ஒடம்பு நல்லாயிருந்தா அவளே அமுக்கியிருப்பா. நாளைக்கு அமுக்கலாம்னு இருந்தேன்."

வயரைச் சொருகினேன். விளக்கு எரிந்தது. அவர் சொன்ன பட்டனை அமுக்கினேன். ஒன்றுமில்லை. பாட்டை ஏற்றி வைக்கிற ஐந்து இடமும் காலி. திரும்பத் திரும்ப அமுக்கினேன். அவர்தான் என் கையைப் பிடித்து எடுத்தார்.

"போன்லயாவது புடிச்சு வெச்சிருக்கக் கூடாதா பாவா?"

"அதுலதான் கீதே, எதுக்கு போனுன்னு இருந்துட்டேன்."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒருமுறை போட்டுக் கேட்பேன் என்று மட்டும் சொன்னார். அவர் பெண்டாட்டியின் கையை நான் துடைத்து எறிந்திருக்கிறேன். அந்த மனிதர் எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். "பர்வாலேது, போனா போவுது, நீ வேணும்னேவா பண்ண?" என்றார். டம்ளரை மேஜைமேல் வைத்தேன்.

"அக்கா வாசிச்சது எப்பிடி இருந்தது பாவா?"

"பாட்டே இருக்காதும்மா. பாதி பாட்டு. அடியில மட்டும் போய்க்கினு இருக்கும். நடுவுல ஒரு எடத்துல அப்பிடியே நின்னுடும், ஒரே சத்தம் இழுத்துக்கினே இருக்கும். மொதல்ல மிஷினு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அவளக் கேட்டா, இல்லங்க, அது பாப்பா வர்ற எடம்ன்னா."

நான் எழுந்து பின்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். திறந்து விட்டது சத்தம் கேட்காமலிருக்க. அவருக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் சாயங்காலம் முப்பது பேர் வந்தார்கள். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, அக்காவின் படத்துக்கு அந்தப் பூவைப் போட்டிருந்தது. எனக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், அந்த ஒற்றை நாற்காலியிலும் நான் வலப்பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். டிரம்மைத் தொடவில்லை, ஒரு விரல் வித்தையையும் தொடவில்லை. வலது கையால் பாட்டை மட்டும் வாசித்தேன். அடியில் எதுவும் இல்லாத பாட்டு எவ்வளவு ஒல்லியாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன்.

இன்றைக்கு மட்டும் இழுக்கக் கூடாது என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அடுத்த வரி. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு. மூன்றாம் வரியின் கடைசிச் சுரம் வந்தது. விரல் வைத்த இடத்தில் நின்றுவிட்டது. விடவில்லை. இடது பக்கத்திலிருந்து ஏதாவது வந்துவிடாதா என்று அந்த முப்பது பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு காத்திருந்தேன். கூட்டம் என்னைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டது.

ஒரு குரல் மட்டும் போகவில்லை. சுருதி சேராத, கட்டையான குரல். முன்வரிசையில் பாவா கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடைசி எழுத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார், அவருக்கு உறைக்கவில்லை. பின்னால் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. ஒரு வருஷமாகத் தினமும் கேட்டவருக்கு அந்தப் பாட்டு அப்படித்தான். அக்கா எனக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தாளோ, அவ்வளவு நேரம் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் அடுத்த கட்டையை அமுக்கினேன். அவரும் என்கூடவே வந்தார்.